ஏஎன்ஏ பொசிட்டிவ் என்றால் நோயா? பிறபொருளெதிரிப் பரிசோதனைகள் பற்றிய கேள்வி பதில்

வெள்ளவத்தையிலிருந்து ஒரு மகள்: டொக்டர், அம்மாவுக்கு வயது 62. முழங்கால் வலிக்குக் காட்டப் போனோம். ஏஎன்ஏ 1:80, ஸ்பெக்கிள்ட் என்று ரிப்போட் வந்திருக்கிறது. இது லூபஸா?

இதை மட்டும் வைத்து லூபஸ் என்று சொல்லவே முடியாது. லூபஸ் என்பது உடலின் எதிர்ப்புச் சக்தி தன்னையே தாக்கும் நோய். ஏஎன்ஏ என்பது சொந்தக் கலங்களின் கருவுக்கு எதிரான பிறபொருளெதிரி; ஸ்பெக்கிள்ட் என்பது புள்ளி புள்ளியாக ஒளிரும் வடிவம். சீரத்தை 80 மடங்கு ஐதாக்கிய பிறகும் நுணுக்குக்காட்டியில் ஒளிர்வு தெரிந்தது, அவ்வளவுதான் அதன் பொருள். 1997இல் வெளியான பலநாட்டு ஆய்வொன்றில் நோயில்லாதவர்களிலேயே 13.3 சதவீதம் பேர் 1:80இல் பொசிட்டிவ். 1:160இல் 5 சதவீதம், 1:320இல்கூட 3.3 சதவீதம். வயது ஏறிய பெண்களில் இது இன்னும் சாதாரணம். 2019ஆம் ஆண்டின் லூபஸ் வகைப்பாட்டிலும் 1:80 என்பது வாசற்படி மட்டுமே. அதற்குப் பிறகு நோயின் அடையாளங்களுக்கு 10 புள்ளிகள் சேர வேண்டும்.

அம்மாவிடம் கேட்டுப் பாருங்கள்: வெயில் பட்டால் முகம் தடிக்கிறதா, வாய்ப்புண் வருகிறதா, காலையில் கைவிரல்கள் நெடுநேரம் விறைத்திருக்கின்றனவா, சிறுநீர் நுரைக்கிறதா? இவை எதுவும் இல்லாமல், எஃப்பிசியும் (முழு இரத்தக் கலக் கணக்கு) சிறுநீரகத்தைக் காட்டும் கிரியேட்டினினும் சிறுநீர்ப் புரதமும் சரியாக இருந்தால் ஏஎன்ஏயைத் திரும்பச் செய்ய வேண்டாம். அந்த வயதில் முழங்கால் வலிக்குப் பெரும்பாலும் தேய்மானமே காரணம்.

உள்ளகப் பயிற்சி மருத்துவர்: வாட்டில் காரணம் புரியாத காய்ச்சல் என்றால் ஏஎன்ஏ, டிஎஸ்டிஎன்ஏ, ஈஎன்ஏ, அன்கா எல்லாவற்றையும் ஒரே தடவையில் அனுப்பலாமா?

வேண்டாம். டிஎஸ்டிஎன்ஏ என்பது இரட்டை இழை டிஎன்ஏக்கு எதிரான பிறபொருளெதிரி, ஈஎன்ஏ கருவிலுள்ள வேறு சில புரதங்களுக்கு எதிரானவை, அன்கா இரத்தக்குழாய் அழற்சிக்குப் பார்ப்பது. தொற்றுக் காய்ச்சலின்போது இவற்றில் சில தற்காலிகமாகப் பொசிட்டிவாகும். காசநோயிலும் இதய உள்ளுறை அழற்சியிலும் மூட்டுவாதத்துக்குப் பார்க்கும் ருமட்டொயிட் ஃபக்டரும் ஏறும். பிறகு அந்தத் தாள் நோயாளியின் கிளினிக் கொப்பியோடு ஆண்டுக்கணக்கில் அலையும். முதலில் ஏஎன்ஏ, அது பொசிட்டிவாகி அறிகுறியும் பொருந்தினால் மட்டும் டிஎஸ்டிஎன்ஏ, ஈஎன்ஏ, சி3, சி4 (இரத்தத்திலுள்ள நிரப்புப் புரதங்கள்). நோயின் ஏற்ற இறக்கத்தைத் தொடர டிஎஸ்டிஎன்ஏயும் சி3, சி4உம் உதவும், ஏஎன்ஏ உதவாது.

இரண்டு விலக்குகள். கிரியேட்டினின் நாளுக்கு நாள் ஏறி, சிறுநீரில் இரத்தமோ சளியில் இரத்தமோ இருந்தால் அன்காவின் இரு வகைகளான பிஆர்3, எம்பிஓ, சிறுநீரக வடிகட்டிச் சவ்வுக்கு எதிரான அன்டி ஜிபிஎம் மூன்றையும் அன்றே அனுப்பி, ஆய்வுகூடத்துக்குத் தொலைபேசியிலும் சொல்லுங்கள். அங்கே ஒரு நாள் தாமதம் ஒரு சிறுநீரகத்தின் விலை. அடுத்தது, தசை அழற்சியும், கண்ணும் வாயும் வறளும் ஷோக்ரன் நோயும்: ஏஎன்ஏ நெகட்டிவாக வந்தாலும் ஜோ-1, ரோ என்னும் பிறபொருளெதிரிகள் இருக்கலாம். சந்தேகம் வலுவாக இருந்தால் தனியாகக் கேளுங்கள்.

கோரிக்கைப் படிவத்தில் வெறுமனே ‘காய்ச்சல்’ என்று எழுதாதீர்கள். என்ன நோயைச் சந்தேகிக்கிறீர்கள், என்ன மருந்து போகிறது என்பது வேண்டும். ஹைட்ரலசீன், ஐசோனியசிட் போன்றவையே ஏஎன்ஏயை ஏற்றிவிடும்.

களுபோவிலயிலிருந்து ஒரு தாதி: எந்த டியூப்? வெறும் வயிறு வேண்டுமா?

வெறும் வயிறு தேவையில்லை. சாதாரண டியூப் அல்லது ஜெல் டியூப், 3 முதல் 5 மி.லீ. அரை மணித்தியாலம் உறைய விடுங்கள். லூபஸ் அன்டிகோகியூலன்டுக்கு (இரத்த உறைதலோடு தொடர்புள்ள பிறபொருளெதிரி) மட்டும் 3.2 சதவீத சிட்ரேட் டியூப், கோடுவரை நிரம்ப வேண்டும்; ஹெப்பாரின் ஏற்றும் லைனிலிருந்து எடுக்கக் கூடாது. அது பொசிட்டிவானால் 12 வாரம் கழித்து மறுபடியும் பார்த்த பிறகுதான் முடிவு. ஐவிஐஜி (நாளத்தில் ஏற்றும் இம்யூனோகுளோபுலின்) ஏற்றுவதற்கு முன்னரே இரத்தம் எடுத்துவிடுங்கள். பிறருடைய பிறபொருளெதிரிகளும் அந்தப் போத்தலில் இருக்கின்றன.

ஆய்வுகூடத் தொழில்நுட்பவியலாளர்: ஹெப்-2 ஸ்லைடில் நெகட்டிவ் கொன்ட்ரோலே மங்கலாக ஒளிர்கிறது. சில வெல்களில் பேட்டனும் கலங்கித் தெரிகிறது.

ஹெப்-2 என்பது ஏஎன்ஏ பார்க்க ஸ்லைடில் பதித்த மனிதக் கலங்கள்; நெகட்டிவ் கொன்ட்ரோல் என்பது ஒளிரக் கூடாத ஒப்பீட்டுச் சீரம். கொன்ட்ரோல் ஒளிர்ந்தால் அன்றைய ரன் முழுவதும் செல்லாது. பெரும்பாலும் கழுவியது போதாமல் இருக்கும், அல்லது வெல் (சீரம் விடும் குழி) காய்ந்திருக்கும். ஏசி அறையில் ஓரத்து வெல்கள் விரைவாகக் காயும். ஈரப் பெட்டியை மூடியே வையுங்கள். பிபிஎஸ் (கழுவும் உப்புக் கரைசல்) பீச்சுகுழலை வெல்லுக்கு நேரே பிடிக்காதீர்கள், பக்கத்து வெல்லுக்குச் சீரம் பாயும். ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்த ஸ்லைடு அறை வெப்பநிலைக்கு வந்த பிறகே உறையைக் கிழியுங்கள். கொழும்பின் ஈரக்காற்றில் உடனே வியர்த்துக் கலங்கள் பழுதாகும்.

பேட்டன் (ஒளிரும் வடிவம்) கலங்கினால் 1:640 வரை ஐதாக்கிப் பாருங்கள். வலுவான பிறபொருளெதிரி ஒன்று மற்றதை மறைத்திருக்கும். வாசிக்கும்போது பிரியும் கலங்களை முதலில் தேடுங்கள்: நிறமூர்த்தத் தட்டு சீராக ஒளிர்ந்தால் ஹோமோஜீனியஸ், இருட்டாக இருந்தால் வழக்கமான ஸ்பெக்கிள்ட். கரு இருட்டாக, குழியவுரு மட்டும் ஒளிர்ந்தால் ‘நெகட்டிவ்’ என்று மட்டும் எழுதி முடிக்காதீர்கள். அது ஜோ-1ஆகவோ மைட்டோகொன்ட்ரியாவுக்கு எதிரானதாகவோ இருக்கலாம்.

தெஹிவளையிலிருந்து: ஒரு லாப்பில் 1:160, இன்னொன்றில் 1:320. எது சரி?

இரண்டும் சரி. ஒரு படி வித்தியாசம் கண்ணால் வாசிக்கும் முறைக்கு இயல்பானது. ஒன்று ஒளிர்வு முறையிலும் மற்றது எலைசாவிலும் (நிறமாற்றத்தைக் கருவியால் அளக்கும் முறை) செய்யப்பட்டிருந்தால் ஒப்பிடவே கூடாது. தொடர்ந்து பார்க்க வேண்டிய டிஎஸ்டிஎன்ஏ போன்றவற்றை ஒரே ஆய்வுகூடத்தில் ஒரே முறையில் செய்வியுங்கள், ரிப்போட்டில் முறையின் பெயர் இருக்கிறதா என்றும் பாருங்கள்.