86 என்பது பழுது அல்ல

கேள்வி: மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூருக்கு ஏறும்போது என் பெட்ரோல் காரில் எஞ்சின் விளக்கு எரிந்தது. அடுத்த வாரம் சமவெளியில் ஓர் ஒர்க்‌ஷாப்பில் ஸ்கேனர் போட்டார்கள். பி0171 என்ற குறியீட்டோடு ‘ஃப்ரீஸ் ஃப்ரேம்’ என்று சில எண்களும் வந்தன: வேகம் 32, ஆர்பிஎம் 2,600, கூலன்ட் 91 டிகிரி, லோடு 84, ஃப்யூயல் ட்ரிம் நீண்டகாலம் +23, குறுகியகாலம் +7, வெளிக்காற்றழுத்தம் 86. “86 மிகக் குறைவு, அழுத்த சென்சார் போய்விட்டது, கூடவே ஆக்சிஜன் சென்சாரையும் மாற்றிவிடலாம்” என்கிறார்கள். மாற்றலாமா?
— வாசகர், குன்னூர்

பதில்: இரண்டையும் மாற்றாதீர்கள். குறியீட்டை அழிக்கவும் விடாதீர்கள். அழித்தால் இந்த எண்களும் போய்விடும். ஸ்கேனர் திரையை முதலில் கைப்பேசியில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். பேட்டரியைக் கழற்றினாலும் பல கார்களில் இதே கதிதான்.

ஃப்ரீஸ் ஃப்ரேம் என்பது, பழுது என்று கம்ப்யூட்டர் பதிவு செய்த கணத்தில் எஞ்சின் இருந்த நிலை. பழுது அதற்கு முன்பே தொடங்கியிருக்கலாம்.

உங்கள் எண்களைப் பார்ப்போம். 91 டிகிரி என்றால் எஞ்சின் நன்றாகச் சூடாகிவிட்டது. 32 கிலோமீட்டர் வேகத்துக்கு 2,600 சுற்று என்றால், அநேகமாக இரண்டாவது கியர். லோடு, அதாவது எஞ்சின் மீதான சுமை, 84 விழுக்காடு, ஆகவே நல்ல ஏற்றம். இனி அந்த 86. கிலோபாஸ்கலில் கடல் மட்டக் காற்றழுத்தம் சுமார் 101. மேட்டுப்பாளையத்தில் 97ஐ ஒட்டி இருக்கும், ஊட்டியில் 78க்கும் கீழே இறங்கும். 86 என்பது ஏறக்குறைய 1,350 மீட்டர் உயரம். பர்லியாறைத் தாண்டி, குன்னூரை எட்டாத இடம். நீங்கள் சொன்ன பாதையோடு அப்படியே பொருந்துகிறது. சென்சார் உண்மையைத்தான் சொல்லியிருக்கிறது! சமவெளியில் காரை நிறுத்திவைத்து, மலையில் பதிவான எண்ணைப் படித்தால் இப்படித்தான் தோன்றும்.

பி0171 என்றால் கலவையில் பெட்ரோல் குறைவு. ஃப்யூயல் ட்ரிம் என்பது பெட்ரோல் அளவில் கம்ப்யூட்டர் செய்யும் திருத்தம். +23, +7 என்றால் அது வழக்கத்தைவிட ஏறத்தாழ 30 விழுக்காடு கூடுதலாகப் பெட்ரோல் ஊற்றிக்கொண்டிருந்தது என்று பொருள். உயரத்தின் குறைந்த காற்றழுத்தம் இதற்குக் காரணமல்ல, அதைக் கம்ப்யூட்டர் கணக்கில் எடுத்துக்கொள்கிறது. எஞ்சினுக்குக் காற்று போகும் இன்டேக் குழாயில் கசிவு என்றால் பெரும்பாலும் ஐடிலிங்கில்தான் (ஆக்சிலரேட்டரை மிதிக்காமல் எஞ்சின் ஓடும்போது) ட்ரிம் அதிகமாகத் தெரியும், மிதித்தால் குறையும். உங்களுக்கோ பெட்ரோல் அதிகம் தேவைப்படும் ஏற்றத்தில் வந்திருக்கிறது. என் சந்தேகம் பெட்ரோல் பம்ப் மீதும் ஃபில்டர் மீதும்தான். ஆக்சிஜன் சென்சார், புகையில் உள்ள ஆக்சிஜனை அளந்து பெட்ரோல் குறைவு என்று தகவல் சொன்ன ஆள். சொன்னவரையே முதலில் தண்டிப்பது ஒர்க்‌ஷாப்புகளின் பழைய பழக்கம்.

பெட்ரோல் அழுத்தத்தைக் கேஜ் வைத்து அளக்கச் சொல்லுங்கள், அதுவும் எஞ்சின் சுமையில் இருக்கும்போது. நிறுத்திய காரில் சரியாக இருக்கும் அழுத்தம் காட்டேரி ஏற்றத்தில் விழலாம். ஐடிலிங்கில் ட்ரிம் எவ்வளவு என்றும் குறித்துவரச் சொல்லுங்கள். அது பூஜ்யத்தை ஒட்டி இருந்து, ஏற்றத்தில் மட்டும் ஏறினால் பம்பைக் கழற்றலாம். பல கார்களில் ஃபில்டரும் டேங்க்கிற்குள் பம்போடு சேர்ந்தே இருப்பதால், ஒரே கூலியில் இரண்டையும் பார்த்துவிடலாம்.