அறக்கட்டளை நடத்துவதில் எது கஷ்டம், பணம் திரட்டுவதா?

கேட்டவர் ஒரு சின்ன அறக்கட்டளையில் புதிதாகப் பொறுப்பேற்றிருக்கிறார். கிராமப் பெண்கள் குழுக்களுக்குத் தொழில் தொடங்க உதவும் அமைப்பாம். பணம் திரட்டுவதுதான் பெரிய சவாலா என்று கேட்டிருக்கிறார்.

திரட்டுவது கஷ்டம்தான், ஆனால் அது எல்லோருக்கும் தெரிந்த கஷ்டம். நான் அதிகம் சொதப்பியது கொடுப்பதில்.

மதுரை மாவட்டம் பேரையூர் பக்கம் மானாவாரி நிலம். ஐப்பசி மழையை நம்பிக் குதிரைவாலி விதைப்பார்கள், தை வாக்கில் அறுப்பு. அங்கே ஒரு பெண்கள் குழுவுக்கு உமி நீக்கும் மெஷின் வாங்கிக் கொடுத்தோம். ஒரு கம்பெனியின் சிஎஸ்ஆர் பணம், அதாவது சட்டப்படி சமூகப் பணிக்கு ஒதுக்குவது, மார்ச் 31க்குள் செலவழித்துக் கணக்குக் காட்டியாக வேண்டும். ரிப்பன், குத்துவிளக்கு, போட்டோ எல்லாம் ஆயிற்று. எட்டு மாதம் கழித்துப் போனால் மெஷின் தார்ப்பாய்க்குள் இருக்கிறது. தானியம் கொட்டும் வாயில் வைக்கோல் போட்டுக் கோழி அடைகாக்கிறது. த்ரீ ஃபேஸ் கரண்ட் அந்தத் தெருவுக்கே வரவில்லை. அதை விசாரிக்காமல் வாங்கியது நான்தான்.

"ஏன்க்கா, முன்னாடியே சொல்லியிருக்கலாம்ல?" என்றேன் குழுத் தலைவியிடம்.

"குடுக்க வந்தவங்ககிட்ட வேணாம்னு சொல்ல முடியுமா சார்? அப்புறம் அடுத்ததுக்கு எங்களக் கூப்பிட மாட்டீகள்ல."

அப்புறம் அவரே சொன்னார், அவர்களுக்கு வேண்டியிருந்தது மெஷினே இல்லை. அறுப்பு முடிந்த வாரம் யார் கையிலும் காசு இருக்காது. வியாபாரி களத்துக்கே வந்து, சொன்ன விலைக்கு மூட்டையைத் தூக்கிக்கொண்டு போய்விடுவார். அந்த வாரம் குழுவிடம் பணம் இருந்தால் உறுப்பினர்களுக்கு அட்வான்ஸ் கொடுத்து, தானியத்தைத் தாங்களே பிடித்து வைத்து, விலை ஏறியதும் விற்கலாம். இதைப் போட்டோ எடுக்க முடியாது. அதனால் எங்கள் திட்ட அறிக்கையில் அது வரவேயில்லை.

அடுத்த வருஷம் சுழல்நிதியாகக் கொடுத்தோம். திரும்பி வரும் பணம் எங்களுக்கு வராது, குழுக்களின் கூட்டமைப்புக் கணக்கில் சேர்ந்து அடுத்த குழுவுக்குப் போகும். வசூலை அவர்களே பார்த்துக்கொண்டார்கள். எங்களைவிடக் கறார்.

சிஎஸ்ஆர் பற்றிச் சொன்னதால் இதையும் சொல்லிவிடுகிறேன். 2013 கம்பெனிச் சட்டத்தின் 135ஆம் பிரிவுப்படி, 500 கோடி நிகர மதிப்போ 1000 கோடி விற்றுமுதலோ 5 கோடி நிகர லாபமோ உள்ள நிறுவனம் முந்தைய மூன்று வருஷ சராசரி லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும். அதில் நிர்வாகச் செலவு 5 சதவீதம் தாண்டக்கூடாது என்பது அந்தக் கம்பெனிக்கான வரம்பு. பல அதிகாரிகள் இதை நம் தலையில் கட்டி, களப்பணியாளர் சம்பளத்தை வெட்டச் சொல்வார்கள். திட்டத்தை நடத்தும் நேரடிச் செலவு அந்த 5 சதவீதத்தில் சேராது. விதியை அச்சடித்துப் பையில் வைத்துக்கொள்ளுங்கள், நான் வைத்திருக்கிறேன்.

இன்னொன்று, வியாபாரத்தை அறக்கட்டளைக்குள்ளேயே வைத்துக்கொள்ளும் ஆசை வரும். விட்டுவிடுங்கள். பொதுநலன் என்ற பொது நோக்கத்தில் பதிவான அமைப்புக்கு வியாபார வரவு மொத்த வரவில் 20 சதவீதத்தைத் தாண்டினால் வருமான வரி விலக்குக்கே ஆபத்து. குதிரைவாலி அரிசி நன்றாக விற்க ஆரம்பித்த மாதமே ஆடிட்டர் போன் செய்து கத்தினார். இப்போது அந்தப் பெண்களே பங்குதாரர்களாக ஒரு உற்பத்தியாளர் கம்பெனி வைத்திருக்கிறார்கள். பத்து உற்பத்தியாளர்கள் சேர்ந்தாலே தொடங்கலாம், 2002இல் வந்த ஏற்பாடு. நாங்கள் பயிற்சியோடும் கணக்கு எழுதப் பழக்குவதோடும் நிறுத்திக்கொள்கிறோம். மனசுக்குக் கொஞ்சம் வலித்தது, உண்மைதான். நாம் வளர்த்தது நம் பெயரில் இருக்க வேண்டும் என்ற அற்ப ஆசை யாரைத்தான் விட்டது!

எல்லோரும் மதுரை அரவிந்த் கண் மருத்துவமனையை உதாரணம் காட்டுவார்கள், அவர்கள் மாதிரி செய்யலாமே என்று. பணம் கட்டுபவர்களின் கட்டணத்திலேயே இலவச சிகிச்சையும் நடக்கிறது, பிரமாதமான ஏற்பாடு. ஆனால் 1976இல் டாக்டர் வெங்கடசாமி தொடங்கியபோது இருந்தவை 11 படுக்கைகள். கண்ணுக்குள் வைக்கும் லென்ஸைத் தாங்களே தயாரிக்க ஆரோலேப் வந்தது 1992இல். நடுவில் 16 வருஷம். நம்மிடம் மூன்று வருஷத் திட்டத்துக்குப் பணம் கொடுத்துவிட்டு, முடிவில் சொந்தக் காலில் நிற்க வேண்டும் என்கிறார்கள்.

நீங்கள் புதிதாகப் பொறுப்பேற்றவர் என்பதால் கடைசியாக ஒன்று. இன்றைக்கே அறக்கட்டளைப் பத்திரத்தை எடுத்து, திருத்தம் செய்யும் அதிகாரம் எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் நோக்கங்களில் ஒரு வரி மாற்றக்கூட சிவில் கோர்ட் படியேற வேண்டிவரும். எங்கள் பத்திரத்தில் அந்த வரி விட்டுப்போயிருந்தது. வாய்தா இன்னும் நடக்கிறது.