அடைப்பு தெரிந்த பிறகும் கண்ணுக்கு எதற்கு ஆஞ்சியோ?

கேள்வி: அம்மாவுக்கு 61 வயது, பிரஷர் உண்டு. போன வாரம் இடது கண்ணில் பார்வை மங்கிவிட்டது. விழித்திரைச் சிரையில் அடைப்பு, கண்ணுக்கு ஆஞ்சியோ எடுக்க வேண்டும் என்கிறார் டாக்டர். அடைப்புதான் தெரிந்துவிட்டதே, அப்புறம் எதற்கு? கையில் ஊசி போடுவார்களாம், அம்மா பயப்படுகிறார். ஊசி இல்லாத ஸ்கேன் இருக்கிறதாமே?
- ஒரு வாசகி

பதில்: அடைப்பு இருப்பது, சொட்டு மருந்து விட்டுப் பார்த்தபோதே டாக்டருக்குத் தெரிந்திருக்கும். விழித்திரையில் எவ்வளவு பரப்புக்கு ரத்தம் போகவில்லை என்பதுதான் இனி தெரிய வேண்டும். ரத்தம் கிடைக்காத பகுதி சும்மா இருக்காது, வி.இ.ஜி.எஃப். என்ற புரதத்தைச் சுரக்கும், அதனால் விழித்திரையின் நடுப்பகுதி நீர் கோத்து வீங்கும், வேண்டாத இடத்தில் புது ரத்தக் குழாய்கள் முளைத்து ரத்தம் கசியும், நடுச்சிரையே அடைத்திருந்தால் சில மாதங்களில் கண் அழுத்தம் ஏறிக் கடும் வலியோடு பார்வையே போகலாம். சிகிச்சை கண்ணுக்குள் ஊசியா, லேசரா, எத்தனை வாரத்துக்கு ஒருமுறை வர வேண்டும் என்பதையெல்லாம் முடிவுசெய்ய, ஆஞ்சியோ என்கிற இந்த ரத்தக் குழாய்ப் படம் பெரிதும் உதவும்.

கையில் ஏற்றுவது ஃபுளோரசின் என்ற சாயம். 10, 15 வினாடிகளில் கண்ணுக்கு வந்துவிடும். நீல ஒளி பட்டதும் சாயம் பச்சை மஞ்சளாக ஒளிரும், கேமரா அதை அடுத்தடுத்துப் படம் பிடிக்கும். ரத்தம் போகாத இடம் கறுப்புத் திட்டாகவே நிற்கும், கசிகிற இடம் நேரம் ஆக ஆகப் பளிச்சென்று பரவும். அமெரிக்காவின் இந்தியானாவில் நொவோட்னி, ஆல்விஸ் என்ற இரண்டு மருத்துவ மாணவர்கள் 1961இல் வெளியிட்ட முறை இது. முதலில் ஏற்றிக்கொண்டவர் ஆல்விஸ்தான்! சிலருக்குக் குமட்டும், ஓரிரு நிமிடத்தில் அடங்கிவிடும். தோல் சில மணி நேரம் மஞ்சளாகத் தெரியும், சிறுநீர் மறுநாள் வரை ஆரஞ்சு நிறத்தில் போகும், பதறாதீர்கள். கடுமையான அலர்ஜி மிக அரிது என்றாலும் முன்பு எந்த மருந்தாவது ஒத்துக்கொள்ளாமல் போயிருந்தாலோ, கிட்னி பிரச்சினை இருந்தாலோ முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். சி.டி. ஸ்கேனுக்குப் போடும் அயோடின் மருந்து வேறு, இது வேறு.

ஊசி இல்லாதது ஓ.சி.டி. ஆஞ்சியோ, ஒளியை வைத்து விழித்திரையை ஸ்கேன் செய்யும் முறை. ஒரே இடத்தைத் திரும்பத் திரும்ப ஸ்கேன் செய்து, ஓடுகிற ரத்த அணுக்களால் வரும் மாற்றத்தை வைத்துக் குழாய்களை வரைந்து காட்டும். நடுப்பகுதியின் நுண்குழாய்களை இது அருமையாகக் காட்டும், அடிக்கடி எடுக்கவும் ஏற்றது. ஆனால் கசிவு இதில் தெரியாது, பல கருவிகளில் ஓரப்பகுதி அகப்படாது, மங்கிய கண்ணை அசைக்காமல் வைத்திருப்பதும் சிரமம். அதனால் எது போதும் என்று டாக்டரிடமே கேளுங்கள். படம் வந்ததும் கறுப்புத் திட்டு எவ்வளவு, மறுபடி எப்போது வர வேண்டும் என்பதையும் கேட்டு, அந்தத் தேதியைத் தவறவே விடாதீர்கள்.

ஒன்று மட்டும்: யாருக்காவது ஒரு கண் வலியே இல்லாமல் திடீரென முழுதாக இருண்டால் அது விழித்திரைக்கு ரத்தம் கொண்டுவரும் தமனியின் அடைப்பாக இருக்கலாம், பக்கவாதத்துக்கு ஓடுவது போல உடனே பெரிய ஆஸ்பத்திரியின் அவசரப் பிரிவுக்குப் போய்விட வேண்டும்.