கடலில் நீந்துபவர்கள் வெட்சூட் (உடம்போடு ஒட்டும் ரப்பர் நீச்சல் உடை) போட வேண்டுமா? புதுச்சேரியில் நீந்த ஆரம்பித்திருக்கிறேன், ஒன்று வாங்கலாமா?

வாங்க வேண்டாம். புதுச்சேரிக் கடலில் 3 மில்லிமீட்டர் தடிமனுள்ள வெட்சூட்டோடு நீந்தி, பாதி வழியில் படகில் தூக்கிப் போடப்பட்டவன் என்ற முறையில் சொல்கிறேன்.

எனக்குக் கடலூர். தேவனாம்பட்டினம் கடற்கரையில்தான் கடல் நீச்சல் பழகினேன். சில வருடங்களுக்கு முன் வெளிநாட்டிலிருந்து வந்த நண்பர் ஒருவர் தன் வெட்சூட்டைக் கொடுத்துவிட்டுப் போனார். ஒரு மே மாதக் காலை, வீராம்பட்டினத்திலிருந்து சுண்ணாம்பாறு முகத்துவாரம் பக்கமாக நீந்துவதாகத் திட்டம். கூடவே ஒரு ஃபைபர் படகு. கிளம்பும்போதே மணி எட்டு ஆகிவிட்டது. முதல் பதினைந்து நிமிடம் சொர்க்கம். உடம்பு தக்கை மாதிரி மிதந்தது, கால் தானாக மேலே நின்றது. அரை மணி தாண்டியதும் தலை இடிக்க ஆரம்பித்தது. சுற்றிலும் தண்ணீர் இருக்க, எனக்கு வேர்த்தது. நெஞ்சு படபடவென்று அடித்தது. முதுகு ஜிப்பை இறக்கலாம் என்று கையைப் பின்னால் கொண்டுபோனால் விரல் பிடிக்கவில்லை. அப்புறம் எந்தப் பக்கம் கரை என்பதே ஒரு கணம் புரியவில்லை. படகில் இருந்த பெரியவர் என் கைவீச்சு மாறியதைப் பார்த்தே கண்டுபிடித்துவிட்டார். "தம்பி, போதும், ஏறு" என்று தோளைப் பிடித்து இழுத்துப் போட்டு, ஜிப்பைத் திறந்து, குடிதண்ணீர் கேனைத் தலையில் கவிழ்த்தார். கரைக்கு வந்தும் இரண்டு முறை வாந்தி. அவர் வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தால் இந்தப் பதிலை எழுத நான் இல்லை.

ஏன் இப்படி ஆனது என்பதைப் பிறகுதான் படித்துத் தெரிந்துகொண்டேன். வெட்சூட் என்பது நியோப்ரீன் ரப்பர். அதற்குள் நுண்ணிய வாயுக் குமிழிகள் நிறைந்திருக்கும். உடம்புக்கும் ரப்பருக்கும் நடுவே கொஞ்சம் தண்ணீர் சிக்கிக்கொண்டு உடல் சூட்டில் வெதுவெதுப்பாகும், அந்தச் சூட்டை குமிழிகள் வெளியே விடாது. 1950களின் தொடக்கத்தில் ஹியூ பிராட்னர் என்ற அமெரிக்க இயற்பியலாளர் இதை வடிவமைத்ததே குளிர்ந்த நீருக்குள் நெடுநேரம் இருக்க வேண்டியவர்களுக்காக. நீந்தும்போது நாம் செலவழிக்கும் சக்தியில் பெரும்பகுதி வெப்பமாகத்தான் மாறுகிறது. ஓடுபவருக்கு வேர்வை ஆவியாகி உடம்பு குளிரும். தண்ணீருக்குள் வேர்வை ஆவியாகாது, சுற்றியுள்ள நீர்தான் சூட்டை வாங்கிக்கொள்ள வேண்டும். நம் கரையோரக் கடல் வருடம் முழுக்கச் சுமார் 26 முதல் 30 டிகிரி. மே மாதத்தில் அது வாங்கிக்கொள்வதே கொஞ்சம்தான், அந்தக் கொஞ்சத்தையும் ரப்பர் போட்டு அடைத்தால் சூடு எங்கே போகும்?

உலக நீச்சல் கூட்டமைப்பின் திறந்தவெளிப் போட்டி விதியும் இதைத்தான் சொல்கிறது. நீர் 18 டிகிரிக்குக் கீழே இருந்தால் வெட்சூட் கட்டாயம். 18க்கும் 20க்கும் இடையில் அவரவர் விருப்பம். 20 டிகிரி தொட்டுவிட்டால் அனுமதியே கிடையாது. 31 டிகிரிக்கு மேல் போட்டியே நடக்கக் கூடாது. அந்த 31க்குப் பின்னால் ஒரு மரணம் இருக்கிறது. 2010 அக்டோபரில் ஐக்கிய அரபு அமீரகத்தின் ஃபுஜைராவில் நடந்த 10 கிலோமீட்டர் போட்டியில் அமெரிக்க வீரர் ஃபிரான் கிரிப்பன் இறந்துபோனார். வயது 26. வெதுவெதுப்பான கடல், உலகத் தரமான வீரர், உடம்பில் வெட்சூட்டும் இல்லை. அதற்குப் பிறகுதான் மேல்வரம்பு வந்தது. வார இறுதியில் மட்டும் நீந்துகிற நாம் எந்தத் தைரியத்தில் அதே சூட்டில் ரப்பரை மாட்டிக்கொள்வது?

"வெட்சூட் போட்டால் அது நீச்சலே இல்லை" என்று சொல்பவர்களும் உண்டு. ஆங்கிலக் கால்வாய் மரபு அப்படித்தான்: ஒரு சாதாரண நீச்சல் உடை, தொப்பி, கண்ணாடி, உடம்பில் பூசும் கொழுப்பு, அவ்வளவுதான். 1958இல் நம் நாட்டு மிஹிர் சென் கடந்ததும் 1994இல் நம்ம சென்னைப் பையன் குற்றாலீஸ்வரன் கடந்ததும் அந்த மரபில்தான். கோடையிலும் 15, 18 டிகிரி இருக்கிற நீர் அது. அந்தச் சாதனைகளை நினைத்தால் எனக்கு இப்போதும் சிலிர்க்கும். ஆனால் அதை வைத்துக் குளிர்நாட்டில் வெட்சூட் போடுபவரை மட்டம் தட்டுவதை என்னால் ஏற்க முடியாது. அங்கே அது உயிரைக் காக்கிற உடை. என் பேச்சு நம் கடலைப் பற்றி மட்டும்.

மிதக்கிறதே, புதிதாகப் பழகுபவருக்கு நல்லதுதானே என்று நீங்கள் கேட்கலாம். எனக்கு அதுதான் பெரிய பயம். சொந்தமாக 500 மீட்டர் நீந்தத் தெரிந்தவரை வெட்சூட் 1500 மீட்டர் தூரத்துக்குக் கொண்டுபோய் விடும். திரும்பி வருவதற்கான மூச்சும் கையும் அவரிடம் இருக்காது. புதுச்சேரிக் கரை வேறு சாதாரணக் கரை இல்லை. துறைமுகத்துக்காக அலைத்தடுப்புச் சுவர் கட்டிய பிறகு வடக்கே மணல் அரித்துப்போனது, அதைத் தடுக்கக் கல் கொட்டினார்கள், கடலுக்குள் நீளும் கல் சுவர்களான தூண்டில் வளைவுகள் வந்தன. தந்திராயன்குப்பம் பக்கம் அந்தக் கற்களை ஒட்டித் தண்ணீர் கடலை நோக்கி இழுக்கும். மீனவர்கள் நீவாடு என்று சொல்வது கரையோரமாக ஓடும் நீரோட்டத்தை. அது தெற்கிலிருந்து ஓடுகிறதா வடக்கிலிருந்து ஓடுகிறதா என்று அன்றன்று அவர்களிடம் கேட்காமல் நான் இப்போது இறங்குவதே இல்லை.

சரி, வெட்சூட்டுக்கு ஒரே ஒரு நியாயமான காரணம் இங்கே உண்டென்றால் அது சொறி. ஜெல்லி மீனைத்தான் இங்கே அப்படிச் சொல்வோம். கழுத்திலும் அக்குளிலும் பட்டால் நெருப்பு வைத்த மாதிரி எரியும். அதற்கு ரப்பர் தேவையில்லை, மெல்லிய லைக்ரா துணியில் முழுக்கை முழுக்கால் உடை கிடைக்கும், அது போதும். வெயிலையும் தடுக்கும், சூட்டையும் பெரிதாக அடைக்காது. தையல் உரசுகிற இடங்களில், முக்கியமாக அக்குளில், வாசலின் தடவிக்கொள்ளுங்கள். அப்படியும் சொறி பட்டால் மணலைப் போட்டுத் தேய்க்காதீர்கள். கடல் நீரால் அலசி, ஒட்டியிருப்பதை எடுத்துவிட்டு, பொறுக்கிற அளவு வெந்நீரில் வைத்தால் எரிச்சல் குறையும். மூச்சுத் திணறினால் நேராக ஆஸ்பத்திரிதான்.

பிற்பாடு வெளிநாட்டுக் குளிர்நீர்ப் போட்டிக்குப் போவதாக இருந்தால் நீச்சலுக்கென்றே தைத்த வெட்சூட்டாகப் பாருங்கள். தோள்பட்டையில் மெல்லிசாகவும் நெஞ்சில் தடிமனாகவும் இருக்கும். ஸ்கூபா கடைகளில் தொங்குவது வேறு வகை, அதைப் போட்டுக் கை வீசினால் தோள் வலிதான் மிச்சம்.

இப்போதைக்கு அந்தப் பணத்தில் இடுப்பில் கட்டி இழுத்துப் போகிற ஆரஞ்சு மிதவை ஒன்றும், பளிச்சென்ற நிறத்தில் ஒரு தொப்பியும் வாங்குங்கள். மிச்சத்தைப் படகுக்குக் கொடுங்கள். விடிந்ததும் இறங்கி ஏழரை மணிக்குள் கரையேறிவிடுங்கள். படகில் வருபவர் உங்களையே பார்த்துக்கொண்டிருக்க வேண்டும், அதைக் கிளம்பும் முன்பே அவரிடம் வாய்விட்டுச் சொல்லிவிடுங்கள்.