ஓவியரின் பெயரைத் தேடிப் போனவர்

அன்புள்ள அண்ணாவுக்கு,

திருமுருகன்பூண்டியில் எங்கள் குடும்பத்துக்குச் சிலை வேலைதான் தொழில். நான் கோவையில் கல்லூரியில் படிக்கிறேன். பி.என். கோஸ்வாமி பற்றி நீங்கள் எழுதிய குறிப்பைப் படித்தேன். ஐ.ஏ.எஸ். வேலையை உதறிவிட்டுச் சிறிய அளவில் நுணுக்கமாக வரையும் சிற்றோவியங்களின் ஆராய்ச்சிக்குப் போனவர் என்று எழுதியிருந்தீர்கள். வரைந்தவரைக் கொண்டாடலாம், சரி. அடுத்தவர் வரைந்ததைப் பார்த்து எழுதுகிறவருக்கு அப்படி என்ன பெருமை அண்ணா?

ஒரு வாசகர்

அன்புள்ள தம்பிக்கு,

வரைந்தவரைக் கொண்டாட வேண்டுமென்றால் முதலில் அவர் யாரென்று தெரிய வேண்டுமே. கோஸ்வாமி ஆராய்ந்த இமயமலை அடிவார ஓவியங்களில் பெரும்பாலும் ஓவியர் பெயர் இருக்காது. அவற்றை முகலாய ஓவியத்திலிருந்து பிரித்துக் காட்டி 1916இல் நூல் எழுதியவர் ஆனந்த குமாரசாமி, இலங்கைத் தமிழரின் மகன். அவருக்குப் பிறகும் குலேர், பசோலி, காங்ரா என்று சமஸ்தானத்தின் பெயரை வைத்தே படங்களைப் பிரித்துவந்தார்கள். ராஜாக்களின் பெயர் நிலைத்தது. வரைந்த கை யாருடையது என்பது விளங்காமலே இருந்தது.

கோஸ்வாமி 1956இல் ஐ.ஏ.எஸ்.ஸில் சேர்ந்து, 1958இல் விலகினார். அப்புறம் சண்டிகர் பஞ்சாப் பல்கலைக்கழகத்தில் ஆய்வு, ஆசிரியப் பணி. அவர் செய்ததில் என்னை அசைத்துப்போட்டது ஒன்று உண்டு. ஓவியர்களைத் தேடி அவர் ஹரித்வாரில் சடங்கு செய்துவைக்கும் புரோகிதர்களான பண்டாக்களிடம் போனார். நாம் அஸ்தி கரைக்கப் பவானி கூடுதுறைக்குப் போவதுபோல அந்த மலைநாட்டார் ஹரித்வாருக்குப் போவார்கள். வந்தவர் யார், எந்த ஊர், அப்பா, தாத்தா, பிள்ளைகள் யார் என்று பண்டாக்கள் தலைமுறை தலைமுறையாக 'பஹி' என்ற பேரேட்டில் எழுதிவைத்திருக்கிறார்கள். அந்தப் பழைய எழுத்தைப் பொறுமையாகப் படித்துப் படித்துத்தான் குலேரைச் சேர்ந்த பண்டிட் சேவு, அவர் மகன்கள் மானக்கு, நைன்சுக், அவர்களுடைய பிள்ளைகள் என்று ஒரு குடும்பத்தின் வம்சாவளியைத் திரட்டினார்.

நைன்சுக்கை ஆதரித்தவர் ஜஸ்ரோட்டா என்ற மலைச் சமஸ்தானத்தின் அரச குடும்பத்தைச் சேர்ந்த பல்வந்த் சிங். தாடி திருத்திக்கொள்வது, கூடாரத்தில் உட்கார்ந்து கடிதம் எழுதுவது என்று அவருடைய அன்றாடத்தை இவ்வளவு நெருக்கத்தில் வரைந்த ஓவியர் நம் நாட்டில் அபூர்வம். 1763இல் பல்வந்த் சிங் இறந்தபோது அவர் அஸ்தியோடு ஹரித்வார் போன நைன்சுக், பேரேட்டில் தன் கையாலேயே எழுதி, ஒரு படமும் வரைந்துவைத்தார். தெரியுமா தம்பி, அந்தப் பக்கம் இன்னும் இருக்கிறது!

ஒரே குடும்பத்தார் வெவ்வேறு சமஸ்தானங்களில் வேலை செய்தார்கள். பாணியைக் குடும்பத்தில் தேட வேண்டும், அரண்மனையில் அல்ல என்று 1968இல் 'மார்க்' என்ற கலை இதழில் கோஸ்வாமி எழுதினார். அதற்குப் பிறகு இந்த ஓவியங்களைப் பேசும் முறையே மாறிப்போனது. 2023இல் தொண்ணூறு வயதில் இறக்கும்வரை அவர் எழுதிக்கொண்டுதான் இருந்தார்.

நம் பக்கம் எத்தனை கோயில் சிற்பங்களுக்குச் செய்தவர் பெயர் தெரியும்? திருப்பணி செய்த அரசரையும் உபயதாரரையும் சொல்லிவிட்டு நகர்ந்துவிடுகிறோம். எனக்கு இதில் தீராத ஆதங்கம் உண்டு. உங்கள் தாத்தா யாரிடம் தொழில் கற்றார், குடும்பம் எந்த ஊரிலிருந்து பூண்டிக்கு வந்தது, எந்தெந்தக் கோயிலில் உங்கள் வீட்டாரின் சிலைகள் நிற்கின்றன? பெரியவர்கள் இருக்கும்போதே கேட்டு ஒரு நோட்டில் எழுதுங்கள். பக்கத்துப் பட்டறைக்காரர்களிடமும் கேளுங்கள். எழுதியதை எனக்கு அனுப்புங்கள், இங்கேயே வெளியிடுகிறேன்.

அன்புடன்,
அண்ணன்