டீசல் வானுக்குள் ஒயில் புகை

கேள்வி: எனது பழைய டீசல் வானில் எஞ்சின் முன் சீற்றுக்குக் கீழே இருக்கிறது. எஞ்சினுக்குள் சேரும் வாயுவை வெளியே விடும் பிறீதர் குழாய் அதனடியிலேயே திறந்து நிற்கிறது. முல்லைத்தீவு வீதியில் மெதுவாகப் போனாலே ஒயில் புகை உள்ளே அடிக்கிறது. குழாயை அடைத்துவிடலாமா? – வாசகர், மாங்குளம்

பதில்: அடைக்கவே வேண்டாம். உள்ளே அழுத்தம் ஏறி ஒயில் சீல்களைத் தள்ளிவிடும்.

எஞ்சின் சூடானபின் ஐடிலில் (வண்டி நிற்க எஞ்சின் மெதுவாக ஓடும்போது) ஒயில் மூடியைத் திறந்து பாருங்கள். புகை பலமாகக் குமுறி வந்தால் பெரும்பாலும் பிஸ்டன் ரிங் (பிஸ்டனைச் சுற்றியுள்ள வளையம்) தேய்மானம்; குழாய் வேலை அதற்கு மருந்தல்ல.

மெல்லிய புகையென்றால், பிறீதர் வாயின் அளவுக்குக் குறையாத உள்விட்டமுள்ள, ஒயில் தாங்கும் நைட்ரைல் ஹோஸைப் பூட்டி, சேசிஸ் ஓரமாகப் பின்பக்கம் கொண்டுபோங்கள். ரேடியேற்றர் ஹோஸைப் போடவேண்டாம்; அது ஒயில் பட்டு ஊதி இளகிவிடும். சைலன்சரிலிருந்து ஒரு சாணாவது விலகியிருக்கட்டும். வழிநெடுகச் சரிவு வேண்டும். எங்காவது தொய்ந்தால் அங்கே தண்ணீரும் ஒயிலும் தேங்கி, அடைத்ததற்குச் சமமாகிவிடும். மாரியில் வெள்ளம் மேவும் பாதையென்றால் நுனி சேசிஸ் மட்டத்துக்குக் கீழே தொங்கக்கூடாது.

ஹோஸை இன்ரேக்கில் (எஞ்சின் காற்றை உறிஞ்சும் வழியில்) கொடுப்பதானால் இடையில் ஒயில் பிடிக்கும் டப்பா கட்டாயம். இல்லையேல் டீசல் எஞ்சின் அந்த ஒயிலையே எரித்து, சாவியை அணைத்தபின்னும் வேகமெடுத்து ஓடக்கூடும்.

சீற்றடி எஞ்சின் மூடியின் ரப்பர்ப் பட்டி நைந்திருந்தால் மாற்றுங்கள். எக்ஸோஸ்ற் கேஸ்கட்டை (புகைக்குழாய் இணைப்பில் கசிவைத் தடுக்கும் தகட்டை)ச் சுற்றிக் கரி படிந்திருந்தால் அதை இன்றே திருத்துங்கள். அங்கே கசியும் புகையில் உயிர்குடிக்கும் கார்பன் மொனொக்சைட் இருக்கும்.