மெயின்ஃப்ரேம் டிஸ்குக்கு என்ன பெயர் வைப்பது? – கேள்வி பதில்

கேள்வி: சார், ஸ்டோரேஜ் டீமுக்கு நான் புதிது. வால்யூம் சீரியலில், அதாவது டிஸ்கின் பெயரில், என்னென்ன எழுத்து வரலாம்?

பதில்: மெயின்ஃப்ரேம் ஆபரேட்டிங் சிஸ்டமான இசட்ஓஎஸ்ஸில் அதிகபட்சம் ஆறு எழுத்து. ஆங்கிலப் பெரிய எழுத்து, எண், டாலர், ஹேஷ், அட் குறிகள் எல்லாம் வரலாம். ஆனால் குறிகள் வேண்டாம். கோட் பேஜ் (எழுத்துக் குறியீட்டு அட்டவணை) மாறினால் திரையில் வேறு குறியாகத் தெரியும். எழுத்து ஓ-வையும் தவிருங்கள். போனில் சொல்லும்போது பூஜ்யமா, ஓ-வா என்று குழப்பம் வந்தே தீரும்.

கேள்வி: எங்கள் அலுவலகத்தில் பெயரின் முதல் இரண்டு எழுத்து குரூப், அடுத்த நான்கும் டிவைஸ் நம்பர், அதாவது டிஸ்கின் அட்ரஸ். பார்த்ததும் எந்த டிஸ்க் என்று தெரிகிறது. இதை ஏன் குறை சொல்கிறார்கள்?

பதில்: நானும் குறைதான் சொல்வேன். டிஸ்க் பெட்டி சில வருடங்களில் மாறிவிடும். டேட்டா புதுப் பெட்டிக்குப் போகும்போது பெயர் அப்படியே கூடப் போகும், அட்ரஸ் போகாது. பெயரில் 8ஏ41 என்று இருக்கும், டிஸ்க் இருப்பதோ சி120-இல். மிரரிங் (ஒரே டேட்டாவை இரண்டு பெட்டிகளில் எழுதுவது) இருந்தால், ஹைப்பர்ஸ்வாப் ஆகி இரண்டாவது பெட்டிக்கு மாறிய அந்த நொடியிலேயே இதே நிலைமை. நடுராத்திரியில் ஆபரேட்டர் பெயரை நம்பி 8ஏ41-ஐ ஆஃப்லைன் செய்யப் பார்த்தால் கைவைப்பது வேறு டிஸ்கில். அட்ரஸ் வேண்டுமென்றால் ‘டி யூ, வால்’ கமாண்ட் உடனே காட்டிவிடும். மாடலையும் பெயரில் வைக்காதீர்கள். 3339 சிலிண்டர் (டிஸ்க் அளவின் அலகு) மாடல் 3-ஐ நாளைக்கே 10017 சிலிண்டராகப் பெரிதாக்கலாம்.

கேள்வி: அப்போது எதைத்தான் வைப்பது?

பதில்: எந்த சிஸ்டம், என்ன உபயோகம், வரிசை எண். இவை சுலபமாக மாறாது. உபயோகத்தை முன்னால் வையுங்கள், ஏனென்றால் சிஸ்டமே பெயரின் முன்பகுதியைப் பார்த்து வேலை செய்கிறது. ஜாப்களை வரிசைப்படுத்தி ஓட்டும் ஜெஸ்2, அவற்றின் உள்ளீடும் வெளியீடும் தங்கும் தன் ஸ்பூல் வால்யூம்களை அப்படித்தான் அடையாளம் காண்கிறது. ஸ்டோரேஜ் குரூப்பில் (ஒன்றாக நிர்வகிக்கும் வால்யூம் தொகுப்பில்) வால்யூம் சேர்க்கும்போதும் முன்பகுதியையும் எண் வரம்பையும் கொடுத்தால் மொத்தமாகச் சேர்ந்துவிடும்.

கேள்வி: சிஸ்டம் பூட் ஆகும் சிஸ்ரெஸ் டிஸ்குக்கும் இதே விதியா?

பதில்: இன்னும் கண்டிப்பான விதி. ஐபிஎல் (சிஸ்டத்தை பூட் செய்வது) ஆன வால்யூமின் பெயர் சிஸ்ஆர்1 என்ற சிம்பலில் (மதிப்பைத் தாங்கும் பெயரில்) வந்து உட்காரும். அதன் முதல் ஐந்து எழுத்தோடு 2-ஐச் சேர்த்து சிஸ்ஆர்2 என்று சிம்பல்களை வரையறுக்கும் மெம்பரில் எழுதிவிட்டால், சிஸ்ரெஸ் டிஸ்குகளின் ஏ செட்டில் ஐபிஎல் செய்தாலும் பி செட்டில் செய்தாலும் இரண்டாவது டிஸ்க் தானாகச் சரியாக வரும், கேட்டலாகை (எந்த டேட்டாசெட், அதாவது ஃபைல், எந்த டிஸ்கில் என்ற பட்டியலை) தொடவே வேண்டாம். இதற்கு செட்டைச் சொல்லும் எழுத்து முதல் ஐந்துக்குள்ளும், வரிசை எண் கடைசியிலும் இருக்க வேண்டும்.

கேள்வி: பழைய பெயர்களை இப்போது மாற்றலாமா?

பதில்: டிஸ்கைத் தயார் செய்யும் ஐசிகேடிஎஸ்எஃப் புரோகிராமில் ஒரு ரீஃபார்மேட் போதும், லேபிள் மாறிவிடும். ஆனால் டிஸ்கில் உள்ள டேட்டாசெட்களின் விவரத்தை வைத்திருக்கும் விவிடிஎஸ், விடாக் இண்டெக்ஸ் ஆகியவற்றின் பெயருக்குள்ளேயே பழைய சீரியல் இருக்கிறது, கேட்டலாகிலும் இருக்கிறது. டேட்டா உள்ள டிஸ்கில் இதைச் செய்யவே கூடாது. புதுப் பெயரில் காலி வால்யூம் சேர்த்து, பழையதைப் புது டேட்டாசெட் ஏற்காத டிசேபிள்-நியூ நிலையில் வைத்து, டேட்டாவை நகர்த்திக் காலி செய்யுங்கள். மெதுவான வழிதான், ஆனால் அதுதான் பத்திரம்.

கேள்வி: ஒரே பெயரில் இரண்டு டிஸ்க் இருந்தால்?

பதில்: ஒரே சிஸ்டத்தில் இரண்டும் ஆன்லைனில் இருக்க முடியாது. ஐபிஎல் நேரத்தில் எதைக் கழற்றுவது என்று ஆபரேட்டரைக் கேட்கும். அவர் தப்பாகப் பதில் சொன்னால் பழைய காப்பியில் சிஸ்டம் ஓட ஆரம்பித்துவிடும். முழு வால்யூம் காப்பி எடுத்தால் காப்பியை ஆஃப்லைனிலேயே வையுங்கள்.

கேள்வி: வைக்கவே கூடாத பெயர் உண்டா?

பதில்: ‘மைக்ராட்’ (MIGRAT). உபயோகிக்காத டேட்டாவை வேறிடத்துக்கு மாற்றும் ஹெச்எஸ்எம் நகர்த்திய டேட்டாசெட்டுக்கு கேட்டலாகில் வால்யூமாக நிற்பது அதுதான். ‘ஸ்க்ராட்ச்’ (SCRTCH), ‘ப்ரைவட்’ (PRIVAT) என்று, வால்யூமைப் பொருத்தச் சொல்லும் மவுண்ட் மெசேஜில் வரும் ஆறெழுத்துச் சொற்களும் வேண்டாம்.